கை தூக்காத அணி

மின்னலுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பாதான். சின்ன வயதில் அவள் வீட்டுக்குள் பந்தைத் துரத்தி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "இது பிள்ளையா, மின்னலா?" என்று கேட்டாராம். அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆனால் வானத்து மின்னலுக்கு ஒரு வசதி உண்டு. வந்த வேகத்தில் போய்விடலாம். இந்த மின்னலுக்கு அது கிடையாது. ஆட்டம் தொடங்கும்போது மைதானத்துக்குள் போனால், கடைசி விசில் வரை உள்ளேயேதான் ஓட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்பாவும் அவளும் மைதானத்துக்கு நடந்தார்கள். அப்பா தோளில் மடக்கு நாற்காலி. மின்னல் முதுகில் பை. அப்பா ஒரு கொட்டாவி விட்டார். கொட்டாவி சும்மா இருக்குமா? அடுத்த நொடியே இவளுக்கும் வந்தது.

அப்பா தொலைதூர பஸ் டிரைவர். இரவு வண்டி ஓட்டிவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அப்பா, நீங்க வீட்டுல தூங்கியிருக்கலாம்ல? நான் மட்டும் போயிட்டு வந்திருப்பேன்."

"நல்லா இருக்கே கதை. நீ ஆடுறத பாக்கத்தானே நான் தூக்கத்த விட்டுட்டு வர்றேன்."

அந்த ஒரு வாக்கியம் முதுகிலிருந்த பையைவிடக் கனமாக இருந்தது. அவள் ஆடாமல் உட்கார்ந்தால் அப்பாவின் தூக்கம் வீண். அதனால் கால் வலித்தாலும் ஓடினாள். போன வாரம் வலித்தது. அதற்கு முந்தின வாரமும் வலித்தது. இன்றைக்கு நடக்கும்போதே வலித்தது.

அவர்களுடைய கால்பந்து கிளப்பின் பயிற்சியாளரைப் பிள்ளைகள் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதோரம் கொஞ்சம் பெயின்ட் மிச்சமிருக்கும். இந்த வாரம் இளம்பச்சை.

மாஸ்டர் நல்லவர். ஒரே குறை, 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. "எம் பிள்ளையையும் சேத்துக்குங்க மாஸ்டர்" என்று யார் வந்து கேட்டாலும் சேர்த்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஒன்பது பேர் ஆடுகிற ஆட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். பாதிப் பேருக்கு மைதானம், மீதிப் பேருக்கு பெஞ்சு. அந்த பெஞ்சிலும் ஆறு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்து எறும்புகளோடு சண்டை போட்டார்கள்.

முதலில் மாஸ்டர் எல்லாரையும் மாற்றி மாற்றித்தான் ஆடவிட்டார். சிறுவர் ஆட்டத்தில் வெளியே போனவர் மறுபடியும் உள்ளே வரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எம் பிள்ளைய ஏன் மாஸ்டர் வெளிய எடுத்தீங்க? நல்லாத்தானே ஆடிட்டிருந்தா."

"அங்க ஒருத்தன் மரம் மாதிரி நிக்கிறான். அவன விட்டுட்டு எம் பையன்தான் உங்க கண்ணுல பட்டானா?"

மாஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருநாள் ஒரு வழி கண்டுபிடித்தார். "இனிமே நானா யாரையும் எடுக்க மாட்டேன். யாருக்குக் களைப்பா இருக்கோ அவங்களே கைய தூக்குங்க. மாத்திடறேன்."

இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இருக்க முடியாது என்று நினைத்தார். பாவம். அன்று ராத்திரி ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான். "என்ன ஆனாலும் சரி, கைய மட்டும் தூக்கிடாத. வெளிய போனா அவ்வளவுதான், உள்ள போனவன் தூக்கவே மாட்டான்."

அன்றிலிருந்து அந்த அணியில் ஒரு கைகூட உயரவில்லை. நெற்றியில் கொசு கடித்தால் வாயால் ஊதி விரட்டினார்கள். எதிரணிக்காரன் பந்தைக் கையால் தொட்டாலும், நடுவரிடம் வாயால் கத்தினார்களே தவிர கையைக் காட்டவில்லை. ஒரு தடவை, கண்ணாடி போட்ட பையன் ஒருவன் மறந்துபோய், 'பந்து கோட்டைத் தாண்டிவிட்டது' என்று கையைத் தூக்கிக் காட்டினான். மாஸ்டர் உடனே அவனை மாற்றிவிட்டார். அவன் அம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இப்படியாக, உள்ளே இருந்தவர்கள் ஓடி ஓடித் தேய்ந்தார்கள். வெளியே இருந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தார்கள்.

அன்றைக்கு எதிரணியில் ஒரு நெட்டை இருந்தான். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டான். அவனைத் துரத்துவதுதான் மின்னலின் வேலை. அவன் ஒரு எட்டு வைத்தால் இவள் மூன்று எட்டு வைக்க வேண்டியிருந்தது.

"ஓடு மின்னலு. விடாத, விடாத" என்று கோட்டோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. குரலும் கரகரத்துப்போயிருந்தது. இருந்தாலும் அப்பா நிறுத்தவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் மின்னல் பெஞ்சுக்குப் பின்னால் போய்ப் புல்லில் அப்படியே மல்லாந்தாள். முகத்துக்கு மேல் ஒரு தண்ணீர் பாட்டில் நீண்டது.

"இந்தா. நிறையவே இருக்கு. எனக்குத்தான் தாகமே எடுக்கறதில்லையே."

கொடுத்தவன் கோந்து. பயிற்சியில் யாரைப் பிடித்துக்கொள் என்று சொன்னாலும் விடாமல் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர். ஆனால் போட்டி நாட்களில் பெஞ்சோடுதான் ஒட்டியிருந்தான். அவன் ஜெர்சியில் ஒரு தூசி கிடையாது. துவைக்கவே தேவையில்லை. ஆனாலும் அவன் அம்மா ஒவ்வொரு வாரமும் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினார்.

"இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி" என்றான் கோந்து.

மின்னல் எழுந்து உட்கார்ந்தாள். "ஏன்?"

"அம்மா வேண்டாம்னுட்டாங்க. அவங்களுக்கு ஆஸ்பத்திரில துணி வெளுக்கிற வேலை. வாரத்துல ஒரு நாள்தான் லீவு. நான் உக்காந்திருக்கறத பாக்க இவ்வளவு தூரம் வரணுமா, அத வீட்டுலயே பாத்துக்கலாமேன்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மின்னல் மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தாள். முதல் பாதி முழுக்க எல்லா அம்மாக்களும் பந்தைப் பார்த்தபோது, கோந்துவின் அம்மா மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.  தன் காலையும் பார்த்தாள். இரண்டு கால்களும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

"கோந்து, நான் கை தூக்கறேன். நீ உள்ள போ."

"ஐயையோ, வேண்டாம். உங்க அப்பா..."

"அத நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. உனக்கு மூச்சு வாங்கினா நீயும் தூக்கணும். நான் திரும்பி வருவேன். சரியா?"

கோந்து தலையைத் திருப்பி, அம்மா இருந்த பக்கம் பார்த்தான். பிறகு, "தூக்கறேன்" என்றான்.

சொல்வது சுலபம். உள்ளே போன பிறகு தானாகவே கை தூக்கியவர் யாரையும் இதுவரை மின்னல் பார்த்ததில்லை. இருந்தாலும் நம்பினாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து வெளியே போன முதல் தடவையிலேயே மின்னல் கையைத் தூக்கினாள். நேராக, நன்றாகத் தெரியும்படி.

மைதானமே திகைத்து நின்றது. மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, கொசுவா?"

"இல்ல மாஸ்டர். கால் வலிக்குது. என்னை மாத்துங்க. கோந்துவ அனுப்புங்க."

இத்தனை மாதங்களாக ஒரு கைக்காகக் காத்திருந்த மாஸ்டருக்கு, கை உயர்ந்ததும் என்ன செய்வதென்று புரியவில்லை. அதற்குள் கோந்துவே ஓடிவந்து மின்னலின் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மின்னல் பெஞ்சில் உட்காரும் முன்பே அப்பா வந்து நின்றார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லப்பா. முடியல. அவ்வளவுதான்."

"முடியலைன்னா? நான் ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு, கண்ணு எரிய எரிய இங்க வந்து நிக்கிறது, நீ உக்காரவா?"

மின்னல் நிமிர்ந்து அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்தாள். 

"அப்பா, ராத்திரி பூரா நீங்களேவா ஓட்டினீங்க?"

"பாதி வழி வரைக்கும். அப்புறம் இன்னொரு டிரைவர் மாத்திக்கிட்டாரு."

"ஏன்?"

"ஏன்னா? தூக்கம் வந்தா ஓட்டக் கூடாது. பின்னாடி அத்தனை பேரு இருக்காங்க. அங்க வீராப்பு காட்ட முடியுமா?"

"எனக்கும் பாதி வழி வந்துடுச்சுப்பா" என்றாள் மின்னல்.

  "அது ரோடு, இது..." என்று ஆரம்பித்தார் அப்பா.  அவள் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையில் கை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டு, தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

உள்ளே, கோந்து பெயருக்கேற்ற வேலையைச் செய்துகொண்டிருந்தான். நெட்டை இடது பக்கம் போனால் இவனும் இடது பக்கம். வலது பக்கம் போனால் வலது பக்கம். நெட்டை நின்று, "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டான். "இல்ல" என்றான் கோந்து. ஒரு தடவை சேற்றில் வழுக்கி விழுந்தான். விழுந்தபடியே பந்தைத் தட்டிவிட்டான். அவன் அம்மா எழுந்து நின்று, "விடாதடா, விடாத" என்று கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோந்துவின் முகம் சிவந்துவிட்டது. வாயால் மூச்சு விட்டான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம்டா" என்று அம்மாவின் குரல் வந்தது.

மின்னல் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். கோந்துவின் கை தோள் வரை உயர்ந்தது. இறங்கியது. கடைசி ஆட்டம். கடைசி ஆட்டத்தில் யார்தான் வெளியே வருவார்கள்? அவளாக இருந்தால் வந்திருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை.

பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. கோந்து நிமிர்ந்தான். கையைத் தூக்கினான்.

மின்னல் ஓடினாள். கோட்டருகே இருவரும் கையைத் தட்டிக்கொண்டபோது கோந்து மூச்சிரைக்கச் சொன்னான்: "நெட்டைக்கு இடது கால் வராது. அந்தப் பக்கம் தள்ளு."

அதற்குப் பிறகு நடந்ததை மாஸ்டர் எதிர்பார்க்கவே இல்லை. வெளியே போனவர் திரும்பி வரலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லவா? கண்ணாடிக்காரன் கை தூக்கினான். அடுத்து இன்னொருத்தி. கோல்கீப்பரும் தூக்கினான். "உனக்கு என்னடா களைப்பு?" என்று மாஸ்டர் கேட்டார். "நின்னு நின்னு களைப்பு மாஸ்டர்" என்றான். எந்த அப்பாவும் அம்மாவும் அவரைப் பிடித்துக் கேட்க முடியவில்லை. அவரவர் பிள்ளை, அவரவர் கை.

பந்து எடுக்கக் கோட்டோரம் போனபோது, கோந்துவின் அம்மா பேசுவது மின்னலுக்குக் கேட்டது. மகனின் ஜெர்சியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சேறா? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வெளுக்கணுமேடா."

கோந்து சத்தமில்லாமல் சிரித்தான். இந்தச் சிரிப்பு பாதியில் நிற்கவில்லை.

மின்னலின் கால்கள் இப்போது அவளுடையவையாக இருந்தன. நெட்டையை இடது பக்கமாகத் தள்ளினாள். அவன் தடுமாறினான். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அப்போதுதான் ஏதோ குறைவது போலத் தோன்றியது. 'ஓடு மின்னலு' என்ற சத்தம் வரவில்லை. பந்தை முன்னால் நின்ற இரட்டைச் சடைக்காரிக்குத் தட்டிவிட்டு, கோட்டோரம் திரும்பிப் பார்த்தாள்.

மடக்கு நாற்காலியில் அப்பா தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறு நொடி பந்து வலைக்குள் போனது. உதைத்தது இரட்டைச் சடைக்காரி. இந்த வருடம் பெஞ்சை விட்டு அவள் எழுந்ததே இன்றுதான். இப்போது இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல். பெஞ்சு மொத்தமும் கத்துவதற்கு வாயைத் திறந்தது.

மின்னல் சட்டென்று திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள். இன்னொரு கையால் நாற்காலியைக் காட்டினாள்.

நடுவர் விசிலை வாய் வரை கொண்டுபோனவர், நாற்காலியைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். அந்த அணியின் பதினெட்டுப் பேரும், மாஸ்டரும், கோந்துவின் அம்மாவும் கையை உயர உயரத் தூக்கிக் குதித்தார்கள். ஒரு சத்தம் வரவில்லை.