உள்பக்கத் தாழ்ப்பாள்

தச்சர் உஸ்தா பக்ரி ஐந்து மாடி ஏறி, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். சோஹா அவரை நேராகக் குளியலறைக்கு அழைத்துப் போனாள்.

"மதாம், இது குளியலறையா, மத்தி மீன் டப்பாவா? நான் உள்ள போனா என் மீசை வெளிய நிக்குதே!"

சோஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரே ஒரு அலமாரி, உஸ்தா. மூணு தட்டு. பூட்டு கண்டிப்பா வேணும்."

போன மாதம் அவளுடைய நாலு வயது மகள் ரீம் இங்கேதான் குளோரின் பாட்டிலைத் திறந்து குடித்தாள். பிழைத்ததே பெரிது. குரல் இன்னும் கரகரப்பாகத்தான் வருகிறது. "இன்னொரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா பேத்திய தாந்தாவுக்குத் தூக்கிட்டு வந்துருவேன், பார்த்துக்கோ" என்று தாந்தா நகரத்திலிருந்து மாமியார் போனில் சொல்லிவிட்டாள். கணவன் ரஃபத்தும் அம்மா பக்கம்தான்.

பாட்டிலை யார் எடுத்துக் கொடுத்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "ஜன்னல் பாட்டி" என்றாள் ரீம். வலியில் பிதற்றுகிறாள் என்றார்கள்.

அந்த ஜன்னல் வாஷிங் மெஷினுக்கு மேலே இருந்தது. அதைத் திறந்தால் மன்வர். மொட்டைமாடியிலிருந்து அடித்தளம்வரை கட்டடத்தின் வயிற்றுக்குள் இறங்கும் காற்றுக்குழி. எல்லா வீட்டுச் சமையலறையும் குளியலறையும் அதற்குள்தான் மூச்சுவிட்டன. வதக்கிய பூண்டு, சாக்கடை, காயாத துணி. பட்டப்பகலிலும் அடி தெரியாது.

"ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டு, அந்த இடத்துலயே அலமாரிய உக்கார வெச்சிரலாம். பின்பலகை வேணாம், ஜன்னலே முதுகு. ஆழமும் நாலு விரல் கூடுதலா கிடைக்கும்."

"மூடுங்க. நல்லா மூடுங்க."

அவள் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது. "சரி ஹாஜ்ஜா... ம்... சரி ஹாஜ்ஜா." போனில் யாரோ வயதான வாடிக்கைக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் உஸ்தா அலமாரியைப் பொருத்தி முடித்ததும் திறந்து பார்த்தாள். உள்ளே வெறும் கூடு.

"தட்டு எங்க, உஸ்தா?"

"உங்க மாமியார்தானே வேணாம்னாங்க? உட்கார்ந்த உயரம் இவ்வளவு, தோள் அகலம் இவ்வளவுன்னு அளவெல்லாம் சொன்னாங்க. 'ஏன் ஹாஜ்ஜா, அலமாரிக்கா அளவு குடுக்கறீங்க, சட்டைக்கா?'ன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

"அவங்க தாந்தாவுலதானே இருக்காங்க?"

"அப்போ மன்வர் பக்கம் உங்க சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பேசினது?"

சமையலறையில் அன்று இருந்தது சோஹா மட்டும்தான்.

அவள் அலமாரிக் கதவைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு சின்னப் பித்தளைத் தாழ்ப்பாள்.

"அதுவும்... அவங்கதான் போடச் சொன்னாங்க." உஸ்தாவின் குரல் இறங்கிவிட்டது. "சிமென்ட் ஈரமா இருக்கு, மதாம். இப்ப இழுத்தா சுவரே பேந்துரும். நாளைக்கு வந்து கழட்டிடறேன்." தேநீரைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனார்.

மாமியார் அன்று மாலையே வருகிறாள். பாட்டில்கள் பூட்டுக்குள் இருந்தாக வேண்டும். சோஹா எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ரீமைக் கார்ட்டூன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, திராட்சை இலையில் சோறு சுருட்ட ஆரம்பித்தாள்.

கார்ட்டூன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரீமின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

குளியலறைக்கு ஓடினாள். தொட்டி விளிம்பில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவற்றின் பக்கத்தில், உஸ்தா ஜன்னலில் அடித்த ஆணிகள். அவையும் வரிசையாக.

அலமாரி சாத்தியிருந்தது.

சாவி திரும்பியது. கதவு வரவில்லை.

"ரீம்!"

உள்ளிருந்து கரகரப்பாக ஒரு குரல் கிசுகிசுத்தது. "கத்தாதம்மா. பாட்டி தூங்க வைக்கிறாங்க."

இறைச்சி தட்டும் சுத்தியலை எடுத்துவந்து அடித்தாள். கட்டை விரலும் நசுங்கியது, நிறுத்தவில்லை. பலகை பிளந்தது. ரீம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் மிச்சமில்லை, தோளுக்குப் பக்கத்தில் மிச்சமில்லை. அச்சு எடுத்த மாதிரி இருந்தது அளவு. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் ஆவென்று திறந்திருந்தது.

சோஹா இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

"என் பிள்ளைய விடு! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், விடு!"

சட்டை கிழிந்தது. ரீம் அவள் மடியில் விழுந்தாள். கிழிந்த துணி மன்வருக்குள் போனது. கீழே விழுந்த சத்தமே கேட்கவில்லை.

அன்று மாலை மாமியார் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. உள்ளே நுழைந்தவளின் கையில் சோஹாவே குழந்தையைக் கொடுத்தாள். "கூட்டிட்டுப் போங்க, மாமி. இப்பவே போங்க. இந்த வீட்ல ஒரு நிமிஷம்கூட வேணாம்."

அவர்கள் போன பிறகு காலியான மெத்தையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும்.

இரண்டு வாரம் கழித்து தாந்தாவிலிருந்து போன் வந்தது. மாமியாரின் குரலில் இதுவரை இல்லாத கனிவு. "அழாத பொண்ணே. ரீம் நல்லா சாப்பிடறா, இப்பத்தான் தூங்கினா. இங்கயும் குளியலறை சாமானெல்லாம் பூட்டி வெச்சிரலாம்னு தச்சரை வரச் சொன்னேன். உள்ள அளவெடுத்துட்டு இருக்கார்."

போனுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், ஒரு ஆண் குரல் எதிரொலித்தது.

"சரி ஹாஜ்ஜா... உட்கார்ந்த உயரம்தானே? எழுதிக்கிட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் மாமியார். "இந்த ஆள் யார்கிட்ட பேசறான்?"