வாய் திறவாத பிஸ்டல்

தோட்டா தீர்ந்தால் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிட வேண்டும், வயிறு காலி என்று வாயைத் திறந்து காட்டுவதுபோல. வுகோமன் வாங்கி வந்த பழைய பிஸ்டல் வாயைத் திறப்பதாக இல்லை. காலி மேகசினைச் செருகி ஸ்லைடை முழுக்க இழுத்து விட்டான். டக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தான். மறுபடியும் மூடிக்கொண்டது, இந்த முறை கொஞ்சம் சலிப்போடு என்று அவனுக்குப் பட்டது.

நாள்கணக்கில் கோஷவா அடித்துக்கொண்டிருந்தது. டான்யூப் பக்கமிருந்து வரும் அந்தக் குளிர்காற்று கூரையை ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பார்த்து, புகைபோக்கிக்குள் இறங்கி முனகி, அடுப்புச் சாம்பல் வாசனையையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையையும் ஒன்றாகக் கிளறி, சமையலறை மேசைமேல் குனிந்திருந்தவனின் காதுமடலில் வந்து நின்றது. மின்சாரம் மதியமே போயிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. டார்ச்தான் துணை.

விடிந்தால் அவன் லாரியோடு கிரீஸ் நாட்டுக்குக் கிளம்ப வேண்டும். திராட்சைத் தோட்டச் சாலையில் இதுதான் கோடி வீடு. போன மாதம் பக்கத்து வீட்டில் திருடர்கள் புகுந்து கிழவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். மனைவி தெசாங்கா தனியாக இருப்பாள். அதற்காகத்தான் பிஸ்டல். காலியானது தெரியாமல் அதை எவனுக்கு முன்னாலாவது நீட்டிக்கொண்டு நிற்பாளே என்ற நினைப்பு அவனை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. பெரிய லாரியை மலைச்சரிவில் இறக்குகிற வுகோமன் வாத்துக்குப் பயப்படுவான் என்பது ஊரறிந்த சேதி. தெசாங்கா விஷயத்தில் பயப்பட வாத்துகூடத் தேவையில்லை. கடைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

மேகசின் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிப் பார்த்தான். ஸ்லைடைப் பூட்டி நிறுத்தும் சின்ன லீவரைக் கழற்றித் துடைத்தான். தேய்மானமே இல்லை. கடைசியில் ஷிவோயினுக்குப் போன் போட்டான். வுகோமனின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'குமே' என்றுதான் கூப்பிடுவார்கள்; துப்பாக்கி கிளப்பில் பழுது பார்ப்பவன்.

"குமே, உன் கரடிக் கை எனக்குத் தெரியாதா? கட்டைவிரலால லீவரை அமுக்கி வச்சுக்கிட்டு, பூட்ட மாட்டேங்குதுன்னு அழுவுற."

விரல் படவே இல்லை என்று வுகோமன் சத்தியம் செய்தான். அப்படியானால் லீவருக்கு மெழுகுவர்த்திக் கரி பிடி, எது உரசுகிறதோ அது கரியைத் துடைத்துக் காட்டிவிடும் என்றான் ஷிவோயின். அதோடு சிக்னல் போனது.

வீட்டில் இருந்தது ஸ்லாவா விருந்தன்று குலப் புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியின் மிச்சம் மட்டும். நிக்கோலா சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது, இது மெக்கானிக் வேலை என்று சிலுவை போட்டுக்கொண்டு பற்றவைத்தான். தேன்மெழுகு வாசனை எழுந்தபோதுதான் பிஸ்டலை விற்ற விதவை சொன்னது ஞாபகம் வந்தது. பிஸ்டல் அவள் புருஷனுடையது; அவன் காட்டில் தனியாக விழுந்து செத்திருக்கிறான். செத்ததைவிட, சாகும்போது கையில் ஒரு மெழுகுவர்த்தி கொடுக்க ஆளில்லாமல் போனதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். வெளிச்சமில்லாமல் போனவன் எப்படி வழி கண்டுபிடிப்பான் என்று கேட்டாள். வுகோமனும் கூடச் சேர்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வந்தான்.

சுடர் பிஸ்டலை நோக்கிச் சாய்ந்தது. காற்றோ பிஸ்டல் பக்கமிருந்துதான் வந்தது.

லீவர் கறுத்தது. கை படக்கூடாதென்று பிடியில் துணி சுற்றி, மேசை ஓரத்தில் மாட்டிய இரும்புப் பிடிப்பானான வைஸில் இறுக்கினான். ஸ்லைடை மட்டும் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தான். விட்டான்.

டக்.

டார்ச்சை அடித்தான். லீவரில் கரி போயிருந்தது. நீள்வட்டமாக. அதற்குள் ரேகைகள். மெல்லிய, சுழி சுழியான ரேகைகள்.

தன் கட்டைவிரல்களைப் பார்த்தான். வலது. இடது. இரண்டும் சுத்தம்.

நிமிர்ந்தான். மேசையில் மெழுகுவர்த்தி இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

முற்றத்து இருட்டில் ஒரு சுடர் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மரங்களை முறிக்கிற காற்று. சுடர் ஆடவில்லை. கத்த வாயைத் திறந்தான்.

அதற்குள் கேட் கிறீச்சிட்டது. தெசாங்காவின் சிரிப்பு.

"அடேயப்பா. வெளிச்சமெல்லாம் எடுத்துக்கிட்டு எதிர்ல வந்திருக்கியே வுகோ. நாளைக்குப் போறேன்னு இவ்வளவு பாசமா?"

சுடர் திரும்பியது. அவள் செருப்பொலியோடு வீட்டை நோக்கி வந்தது. ஒரு செருப்பொலி மட்டும்.

அவள் உள்ளே வந்தாள். தலை குனிந்து, பனியை உதறிக்கொண்டு. ஒரு கை பின்னால், கதவுக்கு வெளியே நீண்டிருந்தது. அதற்கு மேலே, தோள் உயரத்தில், சுடர்.

"கையை விடேன், கதவைச் சாத்தணும்."

நிமிர்ந்தாள். மேசைக்குப் பின்னால் நிற்கும் வுகோமனைப் பார்த்தாள்.

அவள் மணிக்கட்டில் கரி. கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. அது இன்னும் ஆழமாகிக்கொண்டிருந்தது.