முத்தாயி சுவர்

ஹீட்டர் பட்டனை மேகலா தொடவே இல்லை. ஆனாலும் சுவர் சுட்டது.

மழை பிடித்துக்கொண்ட கார்த்திகை மாதத்துச் சாயங்காலம். காயாத துணிகளை ஹாலில் கொடி கட்டிப் போட்டுவிட்டு, இடுப்பு வலிக்கிறதே என்று தற்செயலாகத்தான் அந்தச் சுவரில் சாய்ந்தாள். முதுகில் பட்ட சூட்டில் துள்ளி விலகினாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் தோசை சுட்டு இறக்கிய கல்லின் சூடு. சுவருக்குள் பதித்திருந்த கறுப்புக் கண்ணாடிப் பெட்டியில் நெருப்பு சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. அது வெறும் வெளிச்சம், எல்இடி விளக்கின் வேலை. சூடு வேண்டுமென்றால் தனிப் பட்டன், அதை அமுக்கினால்தான் வரும் என்று மாட்டிக்கொடுத்த ராஜா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பட்டனில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஆசைப்பட்டு வாங்கிய சாமான் அது. செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் யார் வீட்டிலாவது சுவரில் நெருப்பு எரிந்து பார்த்திருக்கிறீர்களா? மேகலா போனில்தான் பார்த்தாள். பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று. விறகுக்கட்டை வைத்ததா, பளிங்குக் கல் வைத்ததா, சுவர்மேல் மாட்டுவதா, சுவருக்குள் பதிப்பதா என்று நாள்கணக்கில் குழம்பி, கடைசியில் விறகுக்கட்டை வைத்த, உள்ளே பதிக்கிற மாடலைத் தேர்ந்தெடுத்தாள். பெரம்பலூரில் இருக்கிற அவள் தங்கை லாவண்யா, "ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கணவன் கலையரசனும் விடவில்லை.

"அரியலூர் வெயிலுக்கு குளிர்காய நெருப்பா? சித்திரையில வாசல்ல நின்னாலே வெந்துருவோமேடி."

"அழகுக்குங்க. சும்மா எரியும். சுடாது."

அவன் சிரிப்பு நின்றது, எந்தச் சுவர் என்று அவள் காட்டியபோதுதான்.

பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அந்த ஒரு சுவரை மட்டும் அவன் இடிக்கவிடவில்லை. இரண்டடி கனம். அவர்கள் கொல்லையிலேயே வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லை அடுக்கி, மண்ணைக் குழைத்துக் கட்டியது. புதுச் செங்கல் சுவர்களில் பெட்டியைப் பதிக்கும் அளவுக்குக் கனம் போதாது. இதில்தான் தாராளமாக இடமிருந்தது. ஆனால் இது முத்தாயியின் சுவர்.

முத்தாயி கலையரசனின் தங்கை. ஏழு வயதில் பாவாடையில் அடுப்புத் தீ பற்றிச் செத்துப்போனவள். அப்படிப் போன பெண்பிள்ளையைக் கன்னிச்சாமியாக வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்திருப்பார்கள். ஆடி மாதம் ஒரு புதுப் பாவாடையைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், அந்த மஞ்சளின்மேல் சாத்துவார்கள். கீழே ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார்கள். விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, ஊதுவத்தி கூடக் கிடையாது. நெருப்பில் போனவளுக்கு நெருப்பைக் காட்டக்கூடாது.

"இது நெருப்பே இல்லீங்க. லைட்டு," என்றாள் மேகலா.

கலையரசன் சுவரிலிருந்து ஓரடி விலகி நின்றான். "சரி. ஆனா மொதல்ல அவளை அங்கேர்ந்து எடுக்கணும். ராஜா கைவைக்கறதுக்கு முன்னாடி தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஈரத்துணியோட, அந்த மஞ்சள் இருக்கற எடத்துலயே ஒரு பிடிமண் எடு. புதுச் சட்டியில போட்டு கொல்லை வேம்படியில வெச்சுரு. வூட்டுப் பொம்பளதான் எடுக்கணும், நான் தொடக்கூடாது. மறந்துராத மேகலா."

அவள் மறக்கவில்லை. ராஜாதான் சொன்ன நேரத்துக்கு முன்பே பெரம்பலூரிலிருந்து வந்துவிட்டான். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டர் மிஷின் சுவரைத் தின்றுவிட்டிருந்தது. மஞ்சளும் பொட்டும் எந்தக் குவியலில் போயின என்று தெரியவில்லை. இடிந்த கல்லும் மண்ணும் சிமெண்ட் சாக்குகளில் கலந்து கிடந்தன. ஏதோ ஒரு சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். மண் மண்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டியில் போட்டு வேம்படியில் வைத்தாள். கலையரசனிடம் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே இன்னொன்றையும் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கும்முன் ராஜா குழியைத் தூசி தட்டினான். ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிய அந்தக் குழியின் பின்சுவரில், கல்லின்மேல், மஞ்சள். மூன்று பொட்டு. பூசிய கை இப்போதுதான் எடுத்த மாதிரி ஈரம்.

"மேல இருந்த பெயிண்டு உள்ள எறங்கியிருக்கும்க்கா," என்றான் ராஜா. அவளும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். பெட்டி அதன்மேல் உட்கார்ந்தது. நான்கு மூலையிலும் ஸ்குரூ முறுகியது.

முதல் நாள் ராத்திரி நெருப்பைப் போட்டுக் காட்டியபோது கலையரசன் கொஞ்சம் தேறியிருந்தான். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் பேக்டரி லேபில் வேலை பார்ப்பவன், வேலையை வைத்தே விளையாடுவான். "சுண்ணாம்புக்கல்லுகிட்ட பார்த்து நடந்துக்க. சூளையில வெச்சு சுட்டுட்டா அப்பறம் அதுமேல தண்ணியே படக்கூடாது. பட்டா கொதிச்சு எழும்பும், கையை வெச்சா சதை வெந்துரும்." வேணி கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களின் ஒரே மகள். இந்த ஆவணியில்தான் ஏழு முடிந்திருந்தது.

இப்போது மேகலா ரிமோட்டை எடுத்து நெருப்பை அணைத்தாள். தழல் தணிந்தது, கட்டைகளின் செம்மை மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் போய்க் கண்ணாடி கறுத்தது. ஓட்டின்மேல் மழை கொட்டும் சத்தம், கொல்லையில் முந்திரி இலைகளில் தண்ணீர் சொட்டும் சத்தம், அடுக்களையில் பிரிட்ஜின் முனகல். அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அடுப்பங்கரையில் குனிந்து ஊதாங்குழலால் யாரோ ஊதுகிற சத்தம். ஒரு நீண்ட மூச்சு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு மூச்சு. அது சுவருக்குள்ளிருந்து வந்தது.

தரை ஈரமாயிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். பெட்டிக்கு நேர் கீழே ஒரு குட்டை. கொடித்துணி சொட்டியது என்று சொல்ல முடியாது, கொடி அந்தப் பக்கம் இல்லை.

வேணி பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"வேணி, இங்க தண்ணி ஊத்தினது நீயா? கரண்டு இருக்குடி! ஷாக்கடிச்சா என்னாகும்?"

"அவதான் கேட்டா. தாகமா இருக்காம்."

"யாரு?"

வேணி பாட்டில் மூடியால் கண்ணாடியைக் காட்டினாள். "அத்தை. என் அளவுதான் இருக்கா."

மேகலா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியது. கருகிய துணி நாற்றம் ஒன்று மெல்ல எழுந்து வந்தது. இஸ்திரிப்பெட்டிக்கடியில் நைலான் சுருங்கும்போது வருகிற நாற்றம். அதற்குப் பின்னால் இன்னொன்று. தலைமுடி பொசுங்குகிற நாற்றம்.

"அம்மா, உள்ள ரொம்பச் சுடுதாம்மா அவளுக்கு. கொஞ்ச நேரம் எடம் மாத்திக்கலாமான்னு கேக்குறா."

"நீ என்னா சொன்ன?" தன் குரலே மேகலாவுக்கு யாருடையதோ போல் கேட்டது.

"ஒன்னும் சொல்லல. உன்ன கேட்டுட்டு சொல்றேன்னேன்."

மேகலா பிள்ளையை வாரித் தூக்கினாள். முகம், கழுத்து, கை எல்லாம் தடவிப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனபோது கட்டிய சிவப்புக் கயிறு இருந்தது. அதை இறுகப் பற்றிக்கொண்டாள். "மாட்டேன்னு சொல்லு. கேக்குதா? எத்தனவாட்டி கேட்டாலும் மாட்டேன்னு சொல்லு." சோபாவில் உட்காரவைத்தாள். "இங்கேர்ந்து எறங்காத."

மெயின் சுவிட்சை அணைக்கலாம் என்று வாசல் பக்கம் இரண்டடி வைத்தாள். அதற்குள் ஊரே அணைந்தது. மின்வெட்டு. பிரிட்ஜின் முனகல் நின்றது, பேன் சுற்றி ஓய்ந்தது, தெருவிளக்கும் போயிற்று.

பெட்டியில் நெருப்பு எரிந்தது.

இது வேறு நெருப்பு. இதில் புகை இருந்தது. விறகுக்கட்டைகள் பிளாஸ்டிக் என்பது மேகலாவுக்குத் தெரியும். அவை வெடித்தன.

போனில் கலையரசனைக் கூப்பிட்டாள். அவனுக்கு மதிய ஷிப்ட். பின்னால் மிஷின் இரைந்தது. அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"மேகலா. மண்ணு எங்கேர்ந்து எடுத்த?"

"சாக்குலேர்ந்து. வெட்டினதுக்கு அப்பறம். மஞ்சள் எங்கன்னு தெரியலீங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

மிஷின் சத்தம் தூரமாயிற்று, அவன் வெளியே வந்துவிட்டான். பிறகு அவன் குரல், கம்மிப்போய்: "அப்போ அவ அங்கயேதான் இருக்கா. அவ மேலயே நெருப்ப வெச்சுட்டோம். ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து ஊத்து. ஆத்தா, தெரியாம பண்ணிட்டோம்னு கும்புட்டு ஊத்து. வருஷா வருஷம் தண்ணியிலதான அவ அடங்குவா. நான் கெளம்பிட்டேன்."

அடுக்களைக்கு ஓடினாள். சொம்பை மொண்டாள். இருட்டில் கதவு நிலையில் தோள் இடித்தது. காது முழுக்க ஹாலின் மேலேயே இருந்தது.

"வேணி?"

"இங்கதான் இருக்கேன்."

சோபாவில் கால் ஆட்டும் சத்தம். தட். தட். டிவி பார்க்கும்போது வேணி அப்படித்தான் ஆட்டுவாள், மேகலா அதட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது அந்தச் சத்தம் காதில் பால் வார்த்தது.

சுவர்முன் மண்டியிட்டாள். முகம் காந்தியது. சுவரில் வெள்ளையடிப்பு பாளம் பாளமாய் உரிந்திருந்தது. உள்ளே கல் வெளுத்துப்போயிருந்தது.

"ஆத்தா முத்தாயி. தெரியாம பண்ணிட்டேன். என் புள்ளைய விட்ருடி தாயே."

பெட்டிக்கு மேலே, வெளுத்த கல்லின்மேல், சொம்பைச் சாய்த்தாள்.

கல் சீறியது.

அப்போதுதான் நினைவு வந்தது. சுட்ட கல். தண்ணீர். கலையரசன் சொன்னது. தண்ணீரிலேயே அடங்குகிறவள் என்ற பதற்றத்தில் அவனும் மறந்திருந்தான். சுவர் கொதித்தது. வெள்ளைக் குழம்பு நுரைத்து, பொங்கி, கண்ணாடியின் பின்பக்கமாக உள்ளே வழிந்தது. ஆவி. ஒன்றும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அலறல்.

"அம்மா! அம்மா, சுடுதும்மா!"

வேணியின் குரல்.

மேகலா கண்ணாடியில் அறைந்தாள். கை வெந்தது. மறுபடி அறைந்தாள். ஆவிக்குள் ஒரு சின்ன உள்ளங்கை வந்து உள்பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டியது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

பின்னால் கால் ஆட்டும் சத்தம் நின்றது.

சோபாவிலிருந்து யாரோ இறங்கினார்கள். ஈரப் பாதம். ஒரு அடி. இன்னொரு அடி. ஒரு குளிர்ந்த விரல் அவள் தோளைத் தொட்டது. சொம்பை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டது.

"எனக்கு இப்ப சுடல அண்ணி."

மேகலா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணாடிக்குள் அந்தச் சின்னக் கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியில் தீ பற்றியிருந்தது.

"நான் போயி இன்னொரு சொம்பு மொண்டாரட்டா?"