மூன்றாம் அடுக்கு

அவர் கட்டியது மூன்று அடுக்கு. திரையோ நான்கு என்று காட்டியது.

அந்த ஸ்கேன் மையத்தின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘எல்லாந்தெரிஞ்சவர்’ என்று பெயர். காதில் விழுந்திருந்தால் பாராட்டு என்றே நினைத்திருப்பார். நோயாளிகளின் படங்களைச் சேமிக்க, அன்று பகல் லினக்ஸ் சர்வரில் நான்கு ஹார்டு டிஸ்க்குகளை மாட்டினார். ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு ஜோடி, முதல் அடுக்கு. இரண்டு ஜோடியையும் ஒரே டிஸ்க்காகச் சேர்த்தது இரண்டாம் அடுக்கு. வேலை அதோடு முடிந்தது. ஆனால் முன்பு அந்த வேலையில் இருந்தவர் சர்வர் பெட்டிக்குள் ஒட்டிவைத்த சீட்டு கண்ணில் பட்டது: ‘இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.’

“ஸ்க்ரூ திருகத் தெரியாத ஆளெல்லாம் எனக்குப் புத்தி சொல்லுது,” என்றார்.

அந்த மனிதர் சும்மா எழுதியிருக்க மாட்டார் என்று ஸ்கேன் எடுக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீம்புக்கே இரண்டாவதின் மேல் மூன்றாவதைக் கட்டினார்.

நான்காவது தானாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது. கலைக்கச் சொன்னால், உபயோகத்தில் இருக்கிறது என்று சர்வர் மறுத்தது. யார் உபயோகத்தில்? நான்காவதைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. கீழே அவர் பெயர். அவர் ஆயுளில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதே கிடையாது.

மூடிய அந்தச் சின்ன அறையில் சூடேறிய தூசியின் வாடை மூக்கை அடைக்க, மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் டிஸ்க்குகள் எதையோ கொறிப்பதுபோல் ஓயாமல் கறகறத்துக்கொண்டிருந்தன; அந்தச் சத்தம் தன் மூச்சோடு ஏறி இறங்குவதை அவர் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார். மூச்சை அடக்கினார். கறகறப்பு நின்றது.

ஐந்தாவதிலும் அதே நெஞ்சுதான். விலா எலும்புகளுக்குள் இன்னொரு வரிசை எலும்புகள். சின்னதாக. அதற்குள் முளைத்துவிட்ட ஆறாவதில், அந்தச் சின்ன எலும்புகளுக்குள்ளும் ஒரு வரிசை.

மின் இணைப்பைப் பிடுங்கினார். திரை இருண்டது. சத்தம் நிற்கவில்லை. அது பெட்டியிலிருந்து வரவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் ஓடினார். அத்தனை அலட்சியமும் வழியிலேயே உதிர்ந்திருந்தது. “கொஞ்சம் பாரும்மா,” என்றார்.

அவள் அவரைப் படுக்கவைத்து, குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை மார்பில் வைத்தாள். திரையில் சாம்பல் நிறம் அசைந்தது. அவள் கை நின்றுவிட்டது.

“சார், மூச்சு விடாம இருங்க.”

“விடல.”

திரையில் அவருடைய எலும்புகள் அசையாமல் இருந்தன. அவற்றுக்குள்ளிருந்த சின்ன எலும்புகள் நிதானமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. பிறகு இருட்டிலிருந்து ஐந்து மெல்லிய விரல்கள் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடிப்பதுபோல், அவர் விலாவைப் பற்றின.