ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்

“இப்பதானேம்மா உள்ள போனீங்க? மறுபடி எப்படி வெளிய வந்தீங்க?” என்று கேட்டார் தடுப்புக் கம்பியருகே நின்ற போலீஸ்காரர்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மதியமே பஸ்ஸும் ரயிலும் நின்றுவிட்டன. போனில் சிக்னல் இல்லை. பல் செட் செய்யும் லேப்பிலிருந்து பாதி நகரத்தை நடந்தே தாண்டி வந்திருக்கிறாள். போராட்டக்காரர்களின் ஊர்வலம் ஒரு தெருவை அடைத்தால் போலீஸ் அடுத்த தெருவை அடைத்தது. டயர் எரிகிற நாற்றம் தொண்டையிலேயே படிந்துவிட்டது. பட்ட காலிலே படும் என்பது போல, இரண்டு தெருவுக்கு முன்னால் செருப்பு வாரும் அறுந்துபோனது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஐந்து வயது மகன் காத்திருப்பான். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. பிள்ளையைக் கூட்டிவர இவளை விட்டால் நாதி இல்லை. இந்த லட்சணத்தில் இவருக்கு விளையாட்டு வேறு.

“காலையில வேலைக்குப் போனவ சார். இப்பதான் திரும்பி வர்றேன்.”

“இங்க குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் வழி. அதுவும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். மணிக்கட்டுல மை வச்சுத்தான் உள்ள விடறோம். உங்களுக்கு நானே வச்சேன். இதே பை, இதே அறுந்த செருப்பு.”

“மை எங்க சார்? கையைப் பாருங்க!”

“கழுவியிருப்பீங்க.”

“கழுவினா போற மையைத்தான் ஊருக்கெல்லாம் வைக்கிறீங்களா?”

அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி பின்வாங்கி, கம்பியைக் காலால் தள்ளி வழிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று முணுமுணுத்தபடி அவள் உள்ளே போனாள்.

வாய்ச்சண்டையில் ஜெயித்த திருப்தி தெருமுனைவரைதான் நின்றது. இரண்டு தெருவுக்கு முன்னால் அறுந்த செருப்பை இவர் எப்படி முன்பே பார்த்திருக்க முடியும்? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் கூட்டத்தின் கோஷம் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமுவது போலத் தேய்ந்துகொண்டே வர, இழுத்து மூடிய கடைக் கதவுகளின் மேல் அவளுடைய நொண்டி நடையின் சத்தம் பட்டுத் திரும்பியது. சரக், சரக். ஒருமுறை நின்றாள். சத்தம் உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு முறை கேட்டது, முன்னால், வெகுதூரத்தில்.

காப்பகத்து டீச்சர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“பையன் எங்க டீச்சர்?”

“என்ன கேக்கறீங்க? நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க.”

அங்கே ஒரு வழக்கம் உண்டு: யார் வந்து நின்றாலும், பிள்ளை தானாக ‘அம்மா’ என்றோ ‘அப்பா’ என்றோ கூப்பிட்டால்தான் கேட்டைத் திறப்பார்கள்.

“அவன் கூப்பிட்டானா?”

டீச்சரின் முகம் வெளிறியது. “இல்ல. வாயே திறக்கல. என் காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. அடம் பிடிக்கிறான்னு நினைச்சேன். கரண்ட் வேற இல்ல, கூட்டம் கிட்ட வந்துடுச்சு... முகம் உங்க முகம்தானேம்மா!”

“கூப்பிடாத பிள்ளையை ஏன் அனுப்பினீங்க? உங்களுக்கெல்லாம் அறிவில்ல?”

கத்திவிட்டு ஓடினாள். செருப்பை வழியிலேயே உதறினாள். போலீஸ்காரரைத் திட்டினாள், டீச்சரைத் திட்டினாள், பஸ்ஸை நிறுத்தியவர்களையும் அதற்குக் காரணமானவர்களையும் சேர்த்துத் திட்டினாள். திட்டுவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தரைத்தள வீடு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் மெழுகுவர்த்தி வெளிச்சம். அக்கம்பக்கத்தையே கூட்டிவிடுவது போலக் கத்த வாயைத் திறந்தபடி எட்டிப் பார்த்தாள்.

மகன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டி, அவள் ஜடை. அவள் தோள். ஒரு கை சோற்றைப் பிசைந்து உருட்டி அவனுக்கு ஊட்டியது. அவன் விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

அவன் கண்கள் ஜன்னலுக்கு வந்தன. அம்மாவைக் கண்டான்.

கண் நிறைந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு விரலைத் தூக்கி உதட்டின் மேல் வைத்தான்.

ஊட்டிய கை நின்றது.

“அங்க யாரைடா பாக்கறே?” அவளுடைய குரல். அவளுடைய கொஞ்சல்.

வெளியே அவள் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை விரலை இறக்கினான். வாயிலிருந்ததை முழுவதும் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

“யாரும் இல்ல,” என்றான்.

அடுத்த உருண்டை மேலே வந்தது. ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, அவன் வாயைத் திறந்தான்.