எட்டுப் பேர் மட்டும்

மூன்றாம் மாடியில் இருந்த ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்குச் சிட்டு வந்து சேர்ந்தபோது பகல் மணி இரண்டு. நடையின் வேகத்தைப் பார்த்து, நர்சிங் படிக்கும்போது தோழிகள் வைத்த பெயர் அது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்குவதில்லை.

காலை நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பொறுப்பை ஒப்படைத்தாள்.

"முப்பத்திரண்டு பேரு. ஒன்பதாம் பெட்டுக்கு மூச்சுத் திணறுது, ஒரு கண்ணு வெச்சுக்கோ. இருபதுக்கு நாலு மணிக்கு டிரிப் முடியும், மாத்தணும்."

"என்கூட யாரு வர்றாங்க?"

"யாரும் இல்ல. நீ மட்டும்தான்."

"நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டுக்கா?"

"ஒருத்தி பிரசவ லீவு. இன்னொருத்தியை ஐ.சி.யூ.வுக்கு இழுத்துட்டாங்க. பெரிய சிஸ்டர் இடத்துக்கு இன்னும் ஆளே போடல."

பெரிய சிஸ்டர் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். போன மாதம் இதே வார்டில் அவளும் தன்னந்தனியாகத்தான் நின்றாள். ஒரு கோடியில் ஒருவருக்குத் தையல் விட்டு ரத்தம் பீறிட, அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுகோடியில் ஒரு முதியவர் கூப்பிட்டுக் கூப்பிட்டே உயிரை விட்டார். அவருடைய மகன் டிரிப் ஸ்டாண்டைத் தூக்கி அவள் மண்டையில் இறக்கினான். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை.

"மேட்ரனுக்கு எத்தனை லெட்டர் எழுதினாங்க, பாவம். ஒருத்தியால எட்டுப் பேரைத்தான் பார்க்க முடியும்னு." காலை நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உயிர் போறப்பகூட 'எட்டு, எட்டு'ன்னுதான் முனகினாங்களாம்."

அவள் போய்விட்டாள். சிட்டுவுக்கு அதை நினைத்துப் பயப்பட நேரம் இல்லை. ஊசி போட்டாள், கட்டுப் பிரித்தாள், சிறுநீர்ப் பைகளைக் காலி செய்தாள். ஒருவருக்கு மாத்திரை கொடுக்கும்போதே மூன்று பேர் கூப்பிட்டார்கள். துணைக்கு இருந்தது ஆயாம்மா ஒருத்திதான். அவளும் துடைப்பதும் அள்ளுவதுமாக இடுப்பொடிந்துகொண்டிருந்தாள்.

நாலேகாலுக்கு, ஒன்பதாம் பெட்காரரின் தொண்டையில் குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இருபதாம் பெட் ஞாபகம் வந்தது. ஓடினாள்.

அங்கே புது பாட்டில் தொங்கியது. சொட்டு அளவாக விழுந்துகொண்டிருந்தது.

"இன்னொரு சிஸ்டர் வந்து மாத்திட்டுப் போனாங்களே," என்றார் படுத்திருந்தவர். "தலையில பெருசா கட்டு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சும்மா."

பினாயில் வாசனையோடு இன்னொரு வாடையும் கலந்து வந்தது. பழைய ரத்தத்தின் வாடை.

சிட்டு மெல்லத் திரும்பினாள். கட்டில் வரிசைகளுக்கு நடுவே வேறு எந்த நர்ஸும் இல்லை.

அதற்குள் ஐந்தாம் பெட்காரரின் மகன் அவள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். ஆள் வாட்டசாட்டமாக இருந்தான்.

"எங்கப்பா வலியில துடிக்கிறாரு! அரை மணி நேரமா கூப்பிடுறேன், காது செவிடா உனக்கு?"

"சார், ஒரே ஆளு சார் நான்..."

மிச்சத்தை அவன் கை நெரித்துவிட்டது. அவளைச் சுவரில் சாய்த்துக் கழுத்தை இறுக்கினான். அவளுக்குக் கண் இருண்டது.

மூலையில் நின்ற டிரிப் ஸ்டாண்ட் நகர்ந்தது.

தானாக.

சக்கரங்கள் கிறீச்சிட அது வேகமெடுத்து வந்தது, எழும்பியது, அவன் முகத்தில் இறங்கியது. தாடை உடையும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. அவன் பல்லும் ரத்தமுமாகத் தரையில் சரிந்தான்.

ஸ்டாண்டைப் பிடித்திருந்தவள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தாள். வெள்ளைச் சீருடை. ஒரு பக்கம் உள்வாங்கிப் போன மண்டை. கட்டுத்துணிக்குக் கீழே ஒற்றைக் கண். அந்தக் கண் சிட்டுவைப் பார்க்கவே இல்லை. கட்டில் வரிசையைப் பார்த்தது. விரல் நீண்டு, ஒவ்வொன்றாக எண்ணியது.

"முப்பத்திரண்டு," என்று அந்த உருவம் கிசுகிசுத்தது.

கடைசிக் கட்டிலில் கால் உடைந்த லாரி டிரைவர் ஒருவன் படுத்திருந்தான். அவனுடைய டிரிப் குழாய் பாம்பாகச் சுருண்டு கழுத்தில் விழுந்தது. அவன் நல்ல காலால் கட்டிலை உதைத்தான். கட்டில் அதிர்ந்தது. பிறகு அதிரவில்லை.

"முப்பத்தொண்ணு."

பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள் வயிற்று ஆபரேஷன் ஆனவர். வெள்ளை விரல்கள் அவருடைய தையலை ஒவ்வொன்றாகப் பிய்த்தன. அவர் அலறல் சுவரில் மோதித் திரும்புவதற்குள் ரத்தம் கட்டிலிலிருந்து கொட்டித் தரையில் ஓடியது.

"முப்பது."

சிட்டுவுக்குப் பொறி தட்டியது. எட்டு. எட்டாகும்வரை இது நிற்காது.

"ஆயாம்மா! பெட்டை வெளிய தள்ளுங்க! எட்டுப் பேரு மட்டும் உள்ள இருக்கட்டும்! நடக்க முடிஞ்சவங்க எல்லாம் ஓடுங்க!"

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கட்டுப் போட்டவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உறவுக்காரர்கள் கட்டில்களை உருட்டினார்கள். வாசலை ஒவ்வொன்றும் தாண்டத் தாண்ட, அந்தக் குரலும் இறங்கியது. இருபத்து நாலு. பத்தொன்பது. பதினைந்து.

ஆனால் கைகள் நிற்கவில்லை. ஒன்பதாம் பெட்காரரின் மூக்கையும் வாயையும் அவை பொத்தின. சிட்டு பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். ஐஸில் கை வைத்ததுபோல் எரிந்தது. அது உதறிய வேகத்தில் மருந்து அலமாரியில் போய் விழுந்தாள். கண்ணாடி முதுகில் ஏறியது, விலா ஒன்று முறிந்தது. தவழ்ந்து வந்து மறுபடி பிடித்தாள்.

"சிஸ்டர், குறைச்சுட்டோம் சிஸ்டர்! எண்ணிப் பாருங்க!"

"ஒன்பது."

ஒரே ஒரு கட்டில். ஐந்தாம் பெட். சக்கரம் சிக்கி, வாசற்படியில் நின்றுவிட்டது. ஆயாம்மா தள்ளினாள், அசையவில்லை. தரையில் கிடந்த மகன் எழுந்தான். தொங்கும் தாடையோடு, தோளைக் கொடுத்து அப்பாவைக் கட்டிலோடு தூக்கி அந்தப் பக்கம் போட்டான்.

"எட்டு."

கைகள் விலகின. ஒன்பதாம் பெட்காரர் ஊளையிட்டபடி மூச்சை இழுத்தார். பெரிய சிஸ்டர் அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள். நாடி பிடித்துப் பார்த்தாள். நெற்றியை வருடினாள். பெற்ற தாய்கூட அவ்வளவு பதமாக வருடியிருக்க மாட்டாள்.

பிறகு அங்கே யாரும் இல்லை.

சிட்டு மேசைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளியே வராந்தாவில் இருபத்திரண்டு பேர் அழுதுகொண்டும் முனகிக்கொண்டும் உயிரோடு இருந்தார்கள். ஆயாம்மா தன் முந்தானையைக் கிழித்து அவளுடைய முதுகில் வைத்து அழுத்தினாள்.

"முடிஞ்சிருச்சும்மா. போயிருச்சு," என்றாள்.

மேசைமேல் இன்டர்காம் அடித்தது. சிட்டு எட்டி எடுத்தாள். கீழ்த்தளத்திலிருந்து, இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த ஜூனியர் நர்ஸ்.

"அக்கா, மேல என்ன ஒரே சத்தம்? சரி, எனக்கு ஆள் அனுப்புனது நீங்கதானே? ரொம்ப தேங்க்ஸ்க்கா. மத்தியானத்துலேருந்து தனியா அல்லாடிக்கிட்டு இருந்தேன்."

சிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு வந்திருக்கா?"

"முகத்தைச் சரியாப் பார்க்கலக்கா. வந்ததும் வராததுமா ஒவ்வொரு தொட்டிலா நின்னு எண்ணிக்கிட்டு இருக்காங்க."

"நீ... நீ இன்னிக்கு எந்த வார்டு?"

"குழந்தைங்க வார்டுக்கா. இருபத்தாறு பிள்ளைங்க."

மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டது. பட்டென்று நின்றது.

பிறகு, ஜூனியரின் குரலாக இல்லாத ஒரு குரல், ரிசீவரோடு வாயை ஒட்டிவைத்ததுபோல் கிசுகிசுத்தது.

"இருபத்தஞ்சு."