குங்குமப்பூ இல்லாத பன்

குளிர்கால இருட்டில் கொண்டாடும் விளக்குத் திருநாளான லூசியா நாளுக்கு முந்தின சாயங்காலம். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் குங்குமப்பூப் பொட்டலங்களை மதியத்துக்குள்ளேயே ஊரே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இல்வாவின் அப்பா ஹோகன் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"மஞ்சள் பன் இல்லாம லூசியாவா? நாங்க கொண்டு வர்றோம்னு கிளாஸ் முன்னாடி கை தூக்கிட்டேன்பா," என்றாள் இல்வா.

"சூப்புக்குப் போடுற மஞ்சள்தூள் இருக்கு. நிறமாவது வந்துரும்."

நிறம் ஜோராக வந்தது. வாசனையும் வந்தது, சூப்பு வாசனை. இதை யார் தின்பார்கள்? அப்பா போன் பேச நகர்ந்த நேரத்தில் இல்வா அலமாரியில் இருந்த குட்டிப் புட்டியை எடுத்து மாவில் நாலு சொட்டு விட்டாள். அம்மா கேக்குக்கு ஊற்றும் பாதாம் எசன்ஸ் அது. பன் வெந்தபோது வீடே மணத்தது.

"மஞ்சளுக்கு இவ்வளவு மணமா?" என்று அப்பா மூக்கை உறிஞ்சினார். இல்வா கமுக்கமாகச் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணியாகியும் வெளியே கும்மிருட்டு. பள்ளி மண்டபத்தில் பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் மண்டபக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். இந்த வருஷம் லூசியாவாக வேஷம் போட்டு வரிசைக்கு முன்னால் நடப்பவள் இல்வாவின் தோழி சிக்னே. அவள் தலையில் பேட்டரி மெழுகுவர்த்திக் கிரீடம் ஜொலித்தது. பாட்டு முடிந்ததும் முதல் பன்னை லூசியா கடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைக்கலாம்.

"ஏய், என் ஊசி மருந்து கோட்டுப் பையில கிடக்குடி," என்று சிக்னே கிசுகிசுத்தாள். "இந்த அங்கியில பையே இல்ல. பரவாயில்ல, நீ செஞ்ச பன்தானே."

இல்வா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். ஊசி மருந்து. பாதாம். போன வருஷம் ஒரு பிறந்தநாளில் ஒரே ஒரு வாய் பாதாம் கேக்குக்கு சிக்னேவின் உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்தது.

வாயைத் திறப்பதற்குள் விளக்கு அணைந்தது. குன்வோர் டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். பாட்டு தொடங்கியது. சிக்னே முன்னால் நடந்தாள். இல்வா வரிசையில் கடைசி.

'வரிசையை விட்டு யாரும் நகரக் கூடாது' என்று மூன்று வாரமாகப் பயிற்சி. இப்போது ஓடினால் அத்தனை பேரும் பார்ப்பார்கள், நான்தான் போட்டேன் என்று தெரிந்துவிடும். நாலு சொட்டுதானே, ஒன்றும் ஆகாதோ? அவளுக்குப் பாட்டே வரவில்லை. சுற்றி எல்லாரும் இனிமையாகப் பாடினார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. சிக்னே தட்டிலிருந்து பன்னை எடுத்தாள்.

"தின்னாதே," என்றாள் இல்வா. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இல்வா ஓடினாள். அங்கி தடுக்கி, வரிசையில் நின்ற ஒரு பையனின் நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியைச் சாய்த்தாள். சிக்னே வாயைத் திறந்த நொடியில் கையிலிருந்த பன்னைப் பிடுங்கினாள்.

கைதட்டல் சட்டென்று நின்றது.

"இல்வா, என்ன இது?" என்றார் டீச்சர்.

"இதுல பாதாம் இருக்கு. நான்தான் போட்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சிக்னேவின் முகம் அங்கியைப்போல வெளுத்தது. தன் விரல்களையே பார்த்தாள்.

"எத்தனை சொட்டு?"

"நாலு."

"எனக்கு அரைச் சொட்டே போதும்டி." அவள் கையை உதறிக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். "ஊசி அவ கோட்டுப் பையில இருக்குப்பா!" என்று இல்வா கத்த, கூட்டத்திலிருந்த அப்பா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

மண்டபமே காத்திருந்தது. இல்வா பன்னை இறுக்கிப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னே திரும்பி வந்தாள். உதடு வீங்கவில்லை. கிரீடம் மட்டும் கோணலாக இருந்தது. இல்வாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்போ எங்களுக்குப் பன் கிடையாதா?" என்றான் தொப்பி சாய்ந்தவன்.

சனிக்கிழமை இல்வா வீட்டு அடுக்களையில் சிக்னே உப்பு டப்பாவைக்கூட விடாமல் எல்லா டப்பாவிலும் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். பிறகுதான் மாவைத் தொட அனுமதி கொடுத்தாள். மஞ்சள்தூள் மட்டும் போட்ட பன் வெந்து வந்தது.

"சூப்பு வாசம் அடிக்குதுடி," என்று மூக்கைச் சுளித்தாள் சிக்னே. சொல்லிக்கொண்டே மூன்றாவது பன்னையும் எடுத்துக்கொண்டாள்.